நாலு நாளாய்த் தூக்கிய கட்டைவிரல்

டில்லிபாபு கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்து நாலு நாளாகிறது. அதற்குள் தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் மனசு நிறைந்துபோனது. மூச்சு விடுவதற்கே மெஷின் போட்டுக் கிடக்கிற மனுஷன் வந்தவர்களைப் பார்த்து விரலைத் தூக்கி, நல்லாயிருக்கேன் என்று காட்டுகிறார் என்றால் சும்மாவா? எதிர்வீட்டுக் குப்பம்மாள் மட்டும், அவர் மலையைத்தான் காட்டுகிறார், தணிகை முருகன் மேலே கூப்பிடுகிறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் எதற்கும் முருகனை இழுப்பவள் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஷோபனாவுக்கு அந்த விரல்தான் பிடிமானமாக இருந்தது. அவள் புருஷனுக்கு வந்தது நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற வியாதி. பீடி சிகரெட் கிடையாது, ஏன் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டித் தருகிற கடை வைத்திருந்தவர், ஒன்றரை வருஷத்தில் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். இப்போது மூக்கையும் வாயையும் மூடி முகமூடி, அதிலிருந்து குழாய், குழாய்க்கு மறுமுனையில் இரவும் பகலும் இரைகிற மெஷின். முகமூடியைக் கழற்றினால் மூன்று வார்த்தைக்குள் உதடு நீலம் பாய்ந்துவிடும். தலையை ஆட்டினால் முகமூடி நகர்ந்து இருமல் பிடித்துக்கொள்ளும். நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னால் இரண்டு எழுத்துக்குள் பேனா நழுவிவிடும். அவருக்கு மிச்சம் இருந்தது கை ஒன்றுதான்.

சென்னை டாக்டர் பூசி மெழுகாமல்தான் பேசினார். தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போடலாம், போட்டால் திரும்ப எடுப்போம் என்று உறுதி சொல்ல முடியாது, அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். கேட்கிற பொறுப்பை ஷோபனாவின் அண்ணன் பங்காரு எடுத்துக்கொண்டான். நகரியில் அரிசி மண்டி வைத்திருப்பவன், தங்கை புருஷனைப் பாவா என்று கூப்பிடுகிறவன், எதையும் ஓங்கிக் கேட்டே பழக்கம்.

"பாவா, மெட்ராஸ் போயி கொழா வெச்சிக்கலாமா? இன்னா சொல்றே?"

டில்லிபாபுவின் வலது கை போர்வைக்கு மேலே எழும்பியது. கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது.

"பாத்தியா? சிங்கம்யா எங்க பாவா!"

மகள் கவிப்பிரியா அழுகையும் சிரிப்புமாகக் கைதட்டினாள். "சூப்பர் நைனா" என்று தானும் விரலைத் தூக்கிக் காட்டப் போனவள், அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அன்றிலிருந்து கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த விரல் எழுந்துகொண்டே இருந்தது. மருந்து கொடுக்கும்போது எழும், முதுகைத் துடைக்கும்போது எழும், சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதும் எழும். ஒவ்வொரு தடவையும் வீட்டார், ஆமாம் ஆமாம், நல்லாயிடும் என்று தலையாட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் இடம் சொல்லியாகிவிட்டது. மறுநாள் கிருத்திகை, காவடிக் கூட்டம் சாலையை அடைத்துக்கொள்வதற்கு முன்னால் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்று ஆம்புலன்ஸ் வண்டியை விடிகாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் பகல் இரண்டு மணிக்குக் கவிப்பிரியா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் அந்தக் கூட்டம் வந்து நின்றது. பதினோரு பேர். செருப்பு விட இடமில்லாமல் படி நிறைந்துபோனது.

இந்தக் கூட்டத்தின் மேல் ஷோபனாவுக்கு ஒன்பது வருஷத்துக் கோபம். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் நடத்துகிற ஒரு இடத்தில் காற்று அடைக்கிற கம்ப்ரஸர் மோட்டார் எரிந்துபோய், யாரோ சொல்லி டில்லிபாபுவை வரவழைத்தார்கள். மோட்டாரைச் சரிபண்ணப் போனவரை, ஒரு தடவை உள்ளே வந்துதான் பாருங்களேன் என்று முதுகில் சிலிண்டரைக் கட்டிக் கடலுக்குள் இறக்கிவிட்டார்கள். போனவர் போனவர்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு என்று ஆகிவிட்டது. நாற்பத்தைந்து வயசில் ஒருத்தர் மீன் பார்க்கப் புதுச்சேரிக்குப் போகிறார் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் எப்படிச் சிரிப்பார்கள்? சிரித்தார்கள். தண்ணீருக்குள் தனக்கு ஒரு 'பட்டி' உண்டு, ஜோடியாக இறங்குகிற கூட்டாளி, அவன் தன்னைவிட்டு நகரமாட்டான் என்று அவர் சொன்னபோது, பட்டி என்றால் ஆட்டுப்பட்டிதானே என்று ஷோபனாவும் சேர்ந்து சிரித்தாள்.

ஒரே ஒரு தடவை கூடப் போனாள். படகில் ஏறுவதற்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருத்தன் இவள் புருஷனின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான், வால்வைத் திறந்து பார்த்தான், முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தான். இவர் அவனுக்கு அதையே செய்தார். யார் என்ன வேலை, எந்த ஊர், என்ன ஜாதி என்று ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்கவில்லை. பெயரைச் சொல்லிக் கையைக் கொடுத்தால் போதும், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்துவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் தலை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தால் படகு நகராது என்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஷோபனாவுக்குப் பொறாமையாக இருந்தது. அதற்கப்புறம் அவள் போகவே இல்லை.

அந்தப் பட்டிதான் இப்போது முன்னால் நின்ற கிங்ஸ்லி. அரக்கோணத்தில் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார், நாற்பது வயசு இருக்கும். உள்ளே வந்தவன் முதலில் டில்லிபாபுவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மெஷினிடம் போனான். குழாயை விரலால் நீவிக்கொண்டே வந்து முகமூடி வரைக்கும் பார்த்தான். மூலையில் மாற்றுக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைக் குனிந்து படித்தான். பிறகுதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எல்லாம் சரியா இருக்குண்ணே" என்றான். முகமூடிக்குப் பின்னால் டில்லிபாபுவின் கன்னம் அசைந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் அவர் சிரித்ததை ஷோபனா அப்போதுதான் பார்த்தாள்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். ப்ளெஸ்ஸி என்று ஒரு பெண், இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவள், டில்லிபாபு முதன்முதலாகக் கடலுக்குள் இறங்கிய கதையை ஆரம்பித்தாள்.

"கவி, ஒங்க நைனா இன்னா பண்ணாரு தெரியுமா? கலர் மீனப் பாத்துட்டு, சூப்பர்னு எனக்குக் கட்டவெரலக் காட்டினாரு. நான் ஒடனே மேல கூட்டினு வந்துட்டேன். மறுபடி எறங்கினோம். மறுபடி ஒரு ஆமை வந்துது, மறுபடி வெரலு. மறுபடி மேல. மூணு தபா! அப்படிக் காட்டினா படகுல இருக்கற எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்னு ஒரு சட்டம் வெச்சிருக்கோம். அன்னிக்கு இவரு கையில மூணு டீ குடிச்சோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எதற்காக மேலே கூட்டி வந்தார்கள் என்பது கவிப்பிரியாவுக்குப் புரியவில்லை. மரியாதைக்கு அவளும் சிரித்து வைத்தாள்.

பங்காருவுக்கு இந்தச் சிரிப்பு தெம்பு கொடுத்தது. "இப்பவும் அதே தெகிரியந்தான். மெட்ராஸ் போயி கொழா வெச்சிக்கலாமான்னு கேட்டோம். டக்குனு காட்டினாரு. நாலு நாளா காட்டினே இருக்காரு. காட்டு பாவா, ஒங்காளுங்க பாக்கட்டும்."

டில்லிபாபு பங்காருவைப் பார்க்கவில்லை. கிங்ஸ்லியைப் பார்த்தார். கட்டைவிரலைத் தூக்கினார்.

சிரிப்பு பட்டென்று நின்றது. பதினோரு பேர் முகமும் மாறிப்போனது. ப்ளெஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். கிங்ஸ்லியின் வலது கை தானாக எழும்பியது. பாதி உயரத்தில் அவன் அதை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டான். டில்லிபாபுவின் விரல் இறங்காமல் நின்றது. இதையெல்லாம் ஷோபனா ஒருத்திதான் கவனித்தாள்.

காபி குடித்துவிட்டு அவர்கள் கிளம்பியபோது அவள் பின்னாலேயே போய் கேட்டருகில் கிங்ஸ்லியை நிறுத்தினாள்.

"இன்னா பாத்தீங்க உள்ள? எல்லார் மூஞ்சியும் ஏன் அப்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"கைய ஏன் அமுக்கிப் புடிச்சீங்க? நான் பாத்தேன்."

கிங்ஸ்லி தெருவைப் பார்த்தான். மலைப் பக்கமிருந்து ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். தண்ணிக்குள்ள அதுக்கு சூப்பர்னு அர்த்தம் இல்ல. நல்லாருக்கேன்னா இப்படி" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினான். "கட்டவெரலத் தூக்கினா, போதும், முடிச்சிக்கலாம், மேல போலாம்னு அர்த்தம்."

ஷோபனாவுக்கு முதலில் எதுவும் எட்டவில்லை. எட்டியபோது கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத யாரு காட்டினாலும் சரிக்கா, அன்னிக்குத்தான் புதுசா வந்தவன் காட்டினாலும் சரி, எல்லாரும் மேல வந்துடணும். ஏன்னு கேக்கக் கூடாது. படகுல ஏறினப்பறமும் கேக்க மாட்டோம், கோச்சிக்க மாட்டோம். எங்களுக்குள்ள பெரிய சட்டமே அதான்."

"இது கடலா?" ஷோபனாவின் குரல் உடைந்தது. "இது வூடுங்க. மாசத்துல ஒரு நாள் மீனப் பாக்கப் போனவங்களுக்கு எம்புருசன் மனசு தெரிஞ்சிடுமா? இருவத்தாறு வருசமா கூட இருக்கறவ நான்!"

"ஆங் அக்கா. நீங்கதான் இருக்கீங்க." அவன் மறுத்துப் பேசவில்லை. "மூச்சு முட்டும்போது நாங்க யோசிச்சு எதுவும் செய்ய மாட்டோம். கை பழகினதத்தான் செய்யும். இன்னொண்ணுக்கா. ஒருத்தர் காட்டினா அடுத்தவங்க அதையே பதிலுக்குக் காட்டணும். பதில் வந்தாத்தான் புரிஞ்சிதுன்னு அர்த்தம். வர்ற வரைக்கும் காட்டினே இருப்போம்."

நாலு நாள். ஷோபனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பதில் காட்டினா?"

"ரெண்டு பேரும் சேந்து மேல வருவோம். ஒருத்தர விட்டுட்டு ஒருத்தர் வர்றதில்ல." கிங்ஸ்லி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அதாங்க்கா கைய அமுக்கினேன். பதில் சொல்ற எடத்துல இருக்கறவங்க நீங்க. நான் இல்ல. ஒங்களுக்குச் சந்தேகமா இருந்தா வட்டத்தக் காட்டிக் கேளுங்க, நல்லாருக்கியான்னு. அவரு உண்மையச் சொல்லுவாரு. உள்ளங்கைய விரிச்சு இப்டி அப்டி ஆட்டினா எதுவோ சரியில்லன்னு அர்த்தம். கைய மூடி நெஞ்சுல வெச்சா, காத்து தீரப்போவுதுன்னு அர்த்தம்."

போகும்போது, நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் கூட நிற்போம், தெருமுனை டீக்கடையில் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஷோபனா உள்ளே வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். அவனைச் சும்மா விட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. குழாய் வைத்துப் பிழைத்தவர்கள் இல்லையா? ஒரு வாரம், பத்து நாள், அதற்குள் ஒரு வழி பிறக்காதா? விரலுக்கு அர்த்தம் சொல்ல வந்துவிட்டார்கள். அவன் சொன்னது பொய் என்று காட்டிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தாள். ஊர் உலகமே வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போடுகிறது, இவர் மட்டும் போட்டிருக்க மாட்டாரா?

மேலே தள்ளிக்கொண்டே போனாள். வரும்போது துவரம்பருப்பு வாங்கினு வாங்க. பதிலுக்கு ஒரு விரல் வட்டம். கரண்ட் பில் கட்டியாச்சா. வட்டம். கவி பஸ் ஏறிட்டாளா. வட்டம். வருஷக்கணக்காக இதைப் பார்த்திருக்கிறாள், எல்லாரும் போடுவதைப் போடாமல் இது என்ன பிரியாணி விளம்பரம் மாதிரி என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறாள். வட்டம், வட்டம், வட்டம். நிறுத்தவும் முடியாமல் தள்ளிக்கொண்டே போனவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாளில் நின்றாள். அங்கே ஒரே ஒரு கட்டைவிரல் இருந்தது.

அது கவிப்பிரியாவுக்கு மணவூரில் மாப்பிள்ளை வீட்டில் பேசி முடிக்கப் போன நாள். பேச்சு எப்டிப் போவுது என்று இவள் கேட்டிருந்தாள். அவர் கட்டைவிரல் அனுப்பினார். பேசி முடிந்தது என்று இவள் கேசரி கிளறி, நாலு வீட்டுக்குக் கொடுத்தும் விட்டாள். சாயங்காலம் வந்தவர், பெண் வேலையை விட வேண்டும் என்கிறார்கள், வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன் என்றார். தெருவில் மானம் போனதற்கு இவள் ஆடித் தீர்த்தாள். சூப்பர்னு விரலைப் போட்டுவிட்டு இப்படியா என்று கத்தினாள். "அதத்தானேடி போட்டேன்" என்றார் அவர். மழுப்புகிறார் என்று நினைத்து இரண்டு நாள் அவள் பேசவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தாள். இருபத்தாறு வருஷம் கூட இருந்தவள் என்று கேட்டில் நின்று கத்தியது இவள்தானே? அந்த மனுஷன் தன் கட்டிலிலிருந்து நாலு நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் அவருக்குக் கைதட்டியிருக்கிறார்கள்.

பங்காரு ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். கவிப்பிரியா பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஷோபனா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, மிச்ச மூன்று விரலையும் நிமிர்த்தி, முகத்துக்கு நேராகக் காட்டினாள். பழக்கமில்லாததால் வட்டம் சரியாக வரவில்லை.

டில்லிபாபு அந்தக் கையையே பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக எட்டியே பார்க்காத பாஷையில் பெண்டாட்டி பேசுகிறாள் என்பதை அவர் நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண் நிறைந்து வழிந்து முகமூடியின் ரப்பர் ஓரத்தில் இறங்கியது. உள்ளங்கையை விரித்தார். இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார். கையை மூடி நெஞ்சின் மேல் வைத்தார். அதற்கப்புறம் கட்டைவிரலைத் தூக்கினார்.

"கொழா வெச்சா இன்னும் கொஞ்ச நாள் இருப்பீங்கன்னு நெனச்சேங்க" என்றாள் ஷோபனா. "எனக்காகத்தான் நெனச்சேன். ஒங்களுக்காக இல்ல."

விரல் அப்படியே நின்றது. முழங்கையைத் தலையணையில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தார். ஏன் என்று கேட்கக் கூடாது என்று கிங்ஸ்லி சொல்லியிருந்தான். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த நெஞ்சு படுகிற பாட்டை ஒன்றரை வருஷமாக அவள்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்? பார்த்துக்கொண்டே, பார்க்காத மாதிரி இருந்தாள். மடியிலிருந்து கையை எடுப்பது அவளுக்கு மலையைப் பெயர்ப்பது போலிருந்தது. எடுத்தாள். கட்டைவிரலை நிமிர்த்தி அவருக்கு எதிரே பிடித்தாள். சேர்ந்து மேலே வருவோம் என்று கிங்ஸ்லி சொன்னதுதான் அந்த நேரத்தில் அவள் மனசில் இருந்தது. அவர் இல்லாத வீட்டில் தனக்கு என்ன வேலை என்று நிஜமாகவே இருந்தது.

டில்லிபாபுவின் தோள் தளர்ந்தது. நாலு நாளில் முதல் தடவையாக அவர் கை இறங்கியது. ஆனால் போர்வைக்குப் போகவில்லை. அவள் பக்கம் நீண்டது. நிமிர்ந்திருந்த அவள் கட்டைவிரலைப் பிடித்து, மெதுவாக மடக்கி, உள்ளங்கைக்குள் வைத்து, அதன் மேல் மற்ற நாலு விரலையும் ஒவ்வொன்றாக மூடினார். மூடிய கையை ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு தன் விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

ஷோபனா வாய்விட்டு அழுதாள். "சரி" என்றாள். "சரிங்க. நான் இருக்கேன்."

அழுகைச் சத்தம் கேட்டுக் கவிப்பிரியா ஓடிவந்தாள். டில்லிபாபு கண்ணை மூடியிருந்தார், மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மகள் கையில் இருந்த போன் அடித்தது.

"வண்டிக்காரரும்மா. அஞ்சு மணிக்குத்தானேன்னு கேக்கறாரு."

ஷோபனா போனை வாங்கி, நாளைக்கு வண்டி வேண்டாம் என்று சொன்னாள். என்றைக்கு வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்றாள். மகள் திகைத்துப்போய் நின்றாள்.

"இன்னாம்மா பண்றே? நைனாவே சரின்னாரே."

"சரின்னு சொல்லலடி. நம்பதான் தப்பாப் புரிஞ்சிகினோம். வா, இப்டி பக்கத்துல ஒக்காரு, சொல்றேன்."